நீ பார்க்காத பச்சை

தம்பி,

நேற்று நீ போனில் பேசும்போது உன் பின்னால் பட்டறைக் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டதில் பாதி உனக்குக் கேட்கவில்லை, நீ சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. "சாப்பிட்டேம்மா, வைக்கிறேன்" என்பது மட்டும் தெளிவாக வந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நடுவில் யாரும் கம்ப்ரசரை ஓடவிட முடியாது. உங்க அப்பா, "முடிச்சதும் எனக்கும் படிச்சுக் காட்டு" என்று சொல்லிவிட்டு வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போயிருக்கிறார். உனக்காகத்தான் எழுதுகிறேன் என்றாலும் வேறு யார் படித்தாலும் எனக்குக் கூச்சம் இல்லை. படித்துப் பாஸான பிள்ளை ஒன்று வீட்டில் சும்மா படுத்துக்கிடக்க, என்ன சொல்வதென்று தெரியாமல் கதவருகே நின்றுவிட்டுத் திரும்பிப் போகும் அம்மா எவளாவது படித்தால் நல்லதுதான்.

நீ கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறியதிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு, நம் காருக்கு நீ பெயிண்ட் அடித்த நாட்கள்தான். நடந்துகொண்டிருந்தபோது சமைத்துக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும் இருந்ததில் என்ன நடக்கிறது என்று முழுதாக எனக்குப் புரியவில்லை. இப்போது வீடு வெறிச்சென்று இருக்கும்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிகிறது. உன்னைப் பெற்றவள்தான் நான், ஆனாலும் உன்னை நினைத்தால் பெரிய கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது.

ரயில் ஓட்டுநர் வேலைக்குப் பரீட்சை எழுதி, எல்லாக் கட்டமும் தாண்டி, கடைசியில் உடம்புப் பரிசோதனைக்குத் திருச்சிக்குப் போனோம். நானும் கூட வந்தேன். நீ உள்ளே போய்ச் சீக்கிரமே வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாய். "ஒரு புத்தகத்தைக் காட்டுறாங்கம்மா. முழுக்கப் புள்ளியா இருக்கு. அதுக்குள்ள நம்பர் இருக்காம். எல்லாரும் படிக்கிறாங்க. எனக்குப் புள்ளிதான் தெரியுது" என்றாய். அதைச் சொல்லும்போது நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அது என்ன என்று இருவருக்குமே தெரியவில்லை. தஞ்சாவூரில் ஒரு கண் டாக்டரிடம் காட்டிய பிறகுதான் தெரிந்தது, சிவப்பும் பச்சையும் உன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிகிறது, பிறந்ததிலிருந்தே அப்படித்தான், மாற்ற முடியாது என்று. சிக்னல் பார்க்க வேண்டிய வேலை உனக்குக் கிடைக்காது. "பையனுக்கு வேற எந்தக் குறையும் இல்ல. இது பெரும்பாலும் அம்மா வழியா வர்றதுதான்" என்றார் டாக்டர். நான் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு மணிகளை வைத்து நிறம் சொல்லிக்கொடுக்கிறவள். வீட்டுக்கு வந்து ஒரு தட்டில் பச்சை மிளகாயும் பழுத்த மிளகாயும் கலந்து வைத்து உன்னைப் பிரிக்கச் சொன்னேன். நீ கடகடவென்று பிரித்துவிட்டாய். எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. "பழுத்தது தோல் வழவழன்னு இருக்கும்மா, பச்சை கொஞ்சம் விறைப்பா இருக்கும்" என்று நீ சொன்ன பிறகு எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நீ இருந்த இருப்பை நான் இங்கே எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும். தஞ்சாவூரில் உன் சிநேகிதன் வைத்திருந்த டிங்கரிங் பட்டறைக்கு நீ போக ஆரம்பித்தபோது, வீட்டை விட்டு வெளியே போனால் போதும் என்றுதான் விட்டோம். அங்கே உன்னைப் பழைய பெயிண்ட்டைத் தேய்க்கிற வேலைக்கு மட்டும் வைத்தார்கள், கலர் பக்கம் விடவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது நீயாகவே பேசினாய். பல மாசத்துக்குப் பிறகு நீயாகப் பேசிய முதல் பேச்சு அது. பட்டறைக்கு ஒரு பைக் வந்ததாம், பளபளப்பே இல்லாத மேட் பெயிண்ட் அடித்தது. டேங்க்கில் ஒரு இடத்தில் திட்டு விழுந்திருப்பதாக நீ சொல்லியிருக்கிறாய். யாருக்கும் தெரியவில்லை. நீ டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் காட்டியதும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. "டார்ச் இல்லாமயே எனக்குத் தெரிஞ்சுதும்மா" என்றாய். சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாய். நான் ரசம் ஊற்ற மறந்து நின்றேன்.

அடுத்த வாரமே அப்பாவிடம் போய் நின்றாய். நம் காரின் கூரையும் பானெட்டும் வெயிலில் பொரிந்து, மேல்பூச்சு தோல் உரிந்த மாதிரி நின்றது. "நான் அடிக்கிறேம்பா. வீட்லயே. மேட் ஃபினிஷ்ல" என்றாய். அப்பாவுக்கு மேட் என்றால் என்னவென்று தெரியாது. நீ போனில் படம் காட்டினாய். அவர் நன்றாகப் பார்த்துவிட்டு, "பிரைமரோட நிக்கிற மாதிரி இருக்கே. பெயிண்ட் அடிச்சும் அடிக்காத மாதிரி இருக்கறதுக்கு எதுக்குப் பெயிண்ட்டு?" என்றார். நீ பொறுமையாகச் சொன்னாய். பளபளப்பான பெயிண்ட்டில் தப்பு நடந்தால் தேய்த்துப் பாலிஷ் போட்டு மறைத்துவிடலாம், மேட்டில் அது முடியாது. ஒரு தூசி விழுந்தாலும் அந்தப் பாகம் முழுவதையும் திரும்பத் தேய்த்து முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதனால்தான் பல பெயிண்டர்கள் அதைத் தொடப் பயப்படுகிறார்கள் என்றாய். "அப்ப நீ மட்டும் எதுக்குத் தொடுற?" என்றார் அப்பா. "என்னால முடியும்னு தோணுதுப்பா" என்றாய். அவர் சாவியை எடுத்து உன் கையில் கொடுத்துவிட்டு எதுவும் சொல்லாமல் சைக்கிளில் போனார். உங்க அப்பா அதிகம் பேசமாட்டார், அவர் பேசாமல் செய்கிறதைக் கவனித்துக்கொள் என்று இத்தனை வருஷம் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று நான் சொல்லவேண்டி வரவில்லை.

பெயிண்ட் கடைக்கு என்னையும் கூட்டிப்போனாய். கடைக்காரர் வண்ண அட்டையை விரித்து வைத்தார். "நீ சொல்லும்மா" என்றாய், வெண்டைக்காய் பொறுக்கச் சொல்கிற மாதிரி சாதாரணமாக. நான் ஒரு கரும்பச்சையில் விரலை வைத்துவிட்டேன். நாற்றங்கால் அடர்ந்து நிற்கும்போது இருக்குமே, அந்தப் பச்சை. வைத்த பிறகுதான் உன் கண் நினைவுக்கு வந்தது. விரலை இழுத்துக்கொண்டு, "நீலமே எடுத்துக்கலாம் தம்பி" என்றேன். நீலம் உனக்கு நன்றாகத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "பச்சையில கையை வச்சியா?" என்றாய். நான் தலையாட்டினேன். "எனக்காக மாத்தாதம்மா. அந்தக் காரைத் தினம் பார்க்கப்போறது நீயும் அப்பாவும்தான். பச்சையே இருக்கட்டும்." ஆர்.சி. புத்தகத்தில் நிறம் மாற்ற எழுதிக்கொடுக்கப் போனபோதும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருந்தவர் என்ன கலர் என்று கேட்க, நீ தயங்காமல் பச்சை என்று சொன்னாயாம். அப்பா வந்து என்னிடம் சொன்னார்.

டிராக்டர் ஷெட்டைக் காலி செய்து, நெல் மூடுகிற தார்ப்பாய்களைச் சுற்றிலும் திரை மாதிரி கட்டினாய். பட்டறையிலிருந்து கம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் வந்தன. அதற்குப் பிறகு எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் தேய்க்கும் சத்தம்தான். தண்ணீர் தொட்டு, உப்புத்தாளை வைத்து, கதவு, கூரை, பின்பக்கம் என்று விடாமல் தேய்த்தாய். பள்ளம் இருந்த இடமெல்லாம் பட்டி பார்த்து மறுபடி தேய்த்தாய். டீ கொண்டுவந்தால் நீ கண்ணை மூடிக்கொண்டு கதவின் மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டிக்கொண்டிருப்பாய். காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, "இங்க லேசா ஒரு மேடு இருக்கு பாரு" என்றாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடச் சொன்னாய். அப்போதும் தெரியவில்லை. "விரலால தேடாத, உள்ளங்கையை இறுக்கம் இல்லாம விடு" என்றாய். நீண்ட நேரம் கழித்து, கோலமாவு அளவுக்கு ஏதோ ஒன்று கையின் கீழே வந்து போன மாதிரி இருந்தது. அந்த ஒரு கதவில் அப்படி எத்தனை இடங்களை நீ கண்டுபிடித்துச் சரிசெய்திருப்பாய் என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தை மாசப் பனி விலகி வெயில் ஏறிய ஒரு காலையில் அடிக்க ஆரம்பித்தாய். தரையெல்லாம் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினாய். கீழ்ப்பக்கத்து வயலில் மறுநாள்தான் அறுவடை என்று சித்தப்பாவிடம் முன்பே கேட்டு வைத்திருந்தாய். அவர் நமக்குச் சொந்தம் இல்லை, பக்கத்து வயல்காரர். நீ கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லாருக்கும் சித்தப்பா ஆகிவிட்டார். பச்சை முழுதாக ஏறி, அதன் மேல் மேட் கிளியர் கோட் என்கிற கடைசிப் பூச்சை நீ அடித்துக்கொண்டிருந்தபோது கிழக்கே மேகம் கறுத்தது. தை மாசத்தில் யாரும் எதிர்பார்க்காத மேகம். சித்தப்பா வேகவேகமாக வந்து அப்பாவைக் கூப்பிட்டார். "அறுவடை மெஷின் பக்கத்து ஊர்லயே நிக்குது. இப்பவே வரச் சொன்னா வந்துரும். ஆனா உங்க புள்ள பெயிண்ட் அடிக்குதே, மெஷின் எறங்குனா இந்தப் பக்கம் பூரா தூசு பறக்குமே. சாயங்காலம் வரைக்கும் பொறுக்கவா?" என்றார். கேட்டுக்கொண்டே வானத்தைப் பார்த்தார். சாய்ந்த பயிர் அது, நனைந்தால் முளைத்துவிடும். அப்பா ஷெட்டுப் பக்கம் ஒரு தடவை, வயல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். சாயங்காலம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, இப்போதே இறக்கு என்று சொல்லவும் வரவில்லை.

நீ முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாய். "மெஷினை வரச் சொல்லுங்க சித்தப்பா" என்றாய்.

"பாதியில நிக்குதே தம்பி."

"நெல்லு நனைஞ்சா என்ன பண்ணுவீங்க? இதைத் திரும்ப அடிச்சுக்கலாம். வரச் சொல்லுங்க."

மெஷின் இறங்கியது. வைக்கோல் தூசும் நெல்லின் சுனையும் காற்றில் ஏறி, தார்ப்பாய் இடுக்கு வழியாக ஷெட்டுக்குள் மெல்ல வந்தது. நீ பார்த்துக்கொண்டு நின்றாய். அதோடு முடிந்ததா? சாலையோரம் கொட்டிய நெல்லை மூடச் சித்தப்பாவிடம் இருந்த தார்ப்பாய் பத்தவில்லை. முதல் தூறல் விழுந்ததும் நீ ஏணியைப் போட்டு ஏறி, ஷெட்டைச் சுற்றிக் கட்டியிருந்த தார்ப்பாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாய். அப்பா கீழே நின்று வாங்கினார். "எல்லாத்தையுமா?" என்று ஒரு தடவை கேட்டார். "ஆமாம்பா" என்றாய். நீங்கள் இரண்டு பேரும் சுருட்டிக்கொண்டு சாலைக்கு ஓடினீர்கள். நெல் தப்பித்தது. நான் ஷெட்டில் தனியாக நின்றேன். ஈரம் காயாத காரின் மேல் வைக்கோல் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கூரையிலிருந்து பானெட் வரை எல்லாமே போய்விட்டது. நீ நனைந்துபோய்த் திரும்பி வந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பசிக்குதும்மா" என்றாய். சோறு போட்டேன். உன் முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் செய்ததைப் பற்றி ஒரு துளி சந்தேகம் இல்லை. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

காய்ந்த பிறகு திரும்பத் தேய்க்க உட்கார்ந்தாய். முதல் நாளே சித்தப்பா வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "எனக்கும் ஒரு தாளைக் குடு" என்றார். நீ எவ்வளவோ மறுத்தும் கேட்கவில்லை. அவர் தேய்த்த இடத்தை, அவர் போன பிறகு நீ மறுபடி தேய்த்தாய், அது எனக்குத் தெரியும். அவரிடம் நீ அதைக் காட்டிக்கொள்ளாததும் தெரியும். கோயம்புத்தூரில் உன் கீழே ஆள் வேலை செய்கிற நாள் வரும். அப்போதும் இப்படியே இரு.

இரண்டாவது தடவை நீ அடித்த அன்று நம் தெரு இருந்த அமைதியை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. சித்தப்பா தெரு முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற டிராக்டரையும் டாட்டா ஏஸையும் மறித்து, "தம்பி பெயிண்ட் அடிக்குது, மேலத்தெரு வழியாச் சுத்திப் போங்க" என்று திருப்பிக்கொண்டிருந்தார். ஒருவரும் முனகவில்லை. கோழிகளைக்கூட அடைத்துவைத்திருந்தார்கள். தார்ப்பாய் இடுக்கு வழியாக நான் பார்த்தேன். வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக, காரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நீ நடந்தாய். கை ஒரே வேகத்தில், ஒரே தூரத்தில் போனது. நடவு நடுகிறவர்கள் வரிசை பிடித்துப் பின்னால் நகர்வார்களே, அந்த மாதிரி நிற்காமல், அவசரப்படாமல்.

முடித்துவிட்டு நீ வெளியே வந்தபோது கார் கண்ணாடி மாதிரி மின்னியது. பளபளப்பு இருக்காது என்றாயே, தப்பாகிவிட்டதோ என்று நினைத்தேன். "பொறு" என்றாய். நாம் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மெதுவாகக் கூரையின் ஓரத்திலிருந்து மினுமினுப்பு உள்வாங்க ஆரம்பித்தது. வயலில் நிற்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி, சத்தமே இல்லாமல் ஒளி உள்ளே இறங்கிக்கொண்டே போனது. நீ மூச்சு விடாமல் பார்த்தாய். எங்காவது ஒரு இடம் முந்தியோ பிந்தியோ காய்ந்தால் திட்டு விழுந்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. கதவு, பானெட், பின்பக்கம் எல்லாம் ஒன்றுபோல அடங்கின. கடைசியில் மினுக்கு எதுவும் மிச்சமில்லை. நீ தார்ப்பாயை விலக்கினாய். வெயில் வந்து அதன் மேல் உட்கார்ந்து, திரும்பிப் போகவே மனமில்லாத மாதிரி அங்கேயே இருந்தது. மயிலிறகின் அடியில் இருக்கும் மென்மை அந்தத் தகரத்துக்கு எப்படி வந்தது? நான் கும்பிடவில்லை, ஆனால் கை தானாகச் சேர்ந்துவிட்டது. அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். "பெயிண்ட் அடிச்ச மாதிரியே இல்லடா" என்றார். நீ அவரைப் பார்த்தாய். "இப்படியே வெளைஞ்சு வந்த மாதிரி இருக்கு" என்றார். இதற்கு மேல் ஒரு விவசாயி எப்படிப் பாராட்டிவிட முடியும்?

கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்கு அந்தக் காரில் போனோம். மண்டபத்து வாசலில் ஒருவர் காரைக் குனிந்தும் சாய்ந்தும் பார்த்துக்கொண்டே நின்றார். கோயம்புத்தூரில் பெரிய கார் பட்டறை வைத்திருப்பவர். எங்கே அடித்தது என்று கேட்டார். வீட்டில் என்றதும் அப்பாவைச் சந்தேகமாகப் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்டு, உன்னை நிற்கவைத்து நிறையக் கேள்வி கேட்டார். வேலைக்கு வருகிறாயா என்றார். நான் உன் முழங்கையைத் தொட்டேன். கண் விஷயத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் தொட்டேன். நீ என் கையை மெல்ல விலக்கிவிட்டு, "சார், முதல்லயே சொல்லிடறேன். எனக்குச் சிவப்பு, பச்சை பிரிச்சுத் தெரியாது" என்றாய். அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்தார். "கலர் பார்க்க எங்கிட்ட மெஷின் இருக்கு தம்பி. இந்த மாதிரி அடிக்க ஆள் இல்ல" என்றார். உண்மையை முதல் வார்த்தையாகச் சொல்லும் தைரியத்தை நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன். இனி பெண் பார்க்கப் போனாலும் அப்படியே சொல். கேட்டுவிட்டு விலகிப் போகிறவர்கள் போகட்டும்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். முகமூடியை மறக்காதே, அவசர வேலை என்றாலும் போடாமல் ஸ்பிரே கன்னைத் தொடாதே. அந்தப் புகை நெஞ்சுக்குள் போனால் திரும்ப வராது. கோபமாக இருக்கும் அன்று தேய்க்கிற வேலையை எடுத்துக்கொள், அடிக்கிற வேலையை எடுக்காதே. உன்னைச் சோதித்துப் பார்க்க யாராவது ஒரு பொருளைக் காட்டி இது என்ன கலர் என்று கேட்பார்கள், வேடிக்கைக்குக் கேட்பார்கள். ஒரு தடவை பதில் சொல், இரண்டாவது தடவை வேலையைப் பார். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். உன்னைத் தஞ்சாவூரில் பஸ் ஏற்ற வந்தோமே, வழியில் வெண்ணாற்றுப் பாலம் தாண்டி அப்பா டீ குடிக்க நிறுத்தினார். குறுவைப் பயிர் இரு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு நின்றது. நீ காரில் சாய்ந்துகொண்டு வயலைப் பார்த்தாய். கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததை அன்று கேட்டுவிட்டேன். "இதெல்லாம் உனக்கு எப்படிடா தெரியுது?" என்றேன். நீ வயல் பக்கம் கை நீட்டினாய்.

"காத்து வர்ற வழி தெரியுதும்மா. அந்தா, அந்த மூலையில நுழையுது பாரு. இந்த வயல்ல பயிர் சட்டுன்னு சாஞ்சு நிமிருது. பக்கத்துல இருக்கறது மெதுவாச் சாயுது, உரம் அதிகம் போட்டிருப்பாங்க போல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வெளிச்சத்தைத் திருப்புது. ஏன், உங்களுக்கெல்லாம் அது தெரியாதா?"

நான் பார்த்தேன். இந்த வயல்களுக்கு நடுவில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, தலை நரைத்துவிட்டது எனக்கு. பச்சையாக இருக்கிறது என்பதற்கு மேல் நான் எதையும் பார்த்ததே இல்லை. நீ கை நீட்டிய பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு காற்று வந்தது, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு, வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு.

அப்பா டீயை நீட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை.

அம்மா